கோட்டை வளைவில் விழுந்தவர்கள்

ஓவர்சீயர் ராமகிருஷ்ணன் மோட்டார் சைக்கிளோடு விழுந்ததைப் பதினோரு பேர் பார்த்தார்கள். எல்லோரும் ரோட்டு வேலைக்காரர்கள். சத்தம் கேட்டதும் கூடையையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு ஓடினார்கள். ராயம்மாளும் ஓடினாள். ஆனால் அவரை எட்டுவதற்கு முன்பே பாதியில் நின்றுவிட்டாள். ரோட்டில் ஒரு கோடு கிடந்தது.

மூன்று விரல் அகலம் இருக்கும். வளைவு தொடங்கும் வரை அப்படி ஒரு கோடே இல்லை. வளைவின் நடுவில் திடீரென்று ஆரம்பித்து, நாலடி தூரம் அழுத்தமாக இழுபட்டு, பிறகு ஒரு பக்கமாகச் செம்மண்ணை வாரிக்கொண்டு வழுக்கியிருந்தது. அங்கேதான் வண்டி கிடந்தது.

அது 1947ஆம் வருஷம், மார்கழி மாதம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற ரோடு ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு கோட்டை மலைகளுக்கு நடுவே புகுந்து, கோட்டையின் வெளிமதிலில் உள்ள இடைவெளி வழியாக வெளியேறும் இடத்தில் ஒரு வளைவு. அந்த வளைவும் அதை ஒட்டிய மூன்று மைலும் மேஸ்திரி பச்சைமுத்துவின் ஆட்களுடைய பொறுப்பு. கப்பிக்கல் பரப்பி, மேலே கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அவர்களுக்கெல்லாம் மேலதிகாரி ராமகிருஷ்ணன். பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவரை மதில் நிழலில் உட்கார வைத்தார்கள். தோள்மூட்டு பிசகியிருந்தது. வலியோடு வலியாக, கப்பி பரப்பிய லட்சணத்தால்தான் விழுந்தேன் என்று பச்சைமுத்துவைத் திட்டினார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். மாட்டு வண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

ராயம்மாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அதே கப்பியின் மேல்தான் பஸ் போகிறது, கட்டை வண்டி போகிறது, சைக்கிள் போகிறது. கல்லில் குற்றம் என்றால் கோடு ஏன் வளைவின் நடுவில் ஆரம்பிக்க வேண்டும்?

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பதினான்கு வயதில் கூடை தூக்க வந்தவள். புருஷன் அருள்சாமி கல் உடைப்பவன். இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. எதைக் கண்டாலும் அது ஏன் அப்படி என்று கேட்காமல் இருக்க அவளால் முடியாது. ஒருமுறை ரோடு உருளை எஞ்சின் வந்து நின்றபோது, ஆறிப்போன புகைக்குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்து, முழங்கை வரை கரியோடு வீட்டுக்குப் போனாள். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்தால், வெளியே வந்ததும் அவரிடமே இரண்டு கேள்வி கேட்பாள்.

தை மாதம் இரண்டாவது ஆள் விழுந்தார். மேல்சித்தாமூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற தரணேந்திர நயினார். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் மோட்டார் சைக்கிள் வாங்கியவர், திருவண்ணாமலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வளைவில் திரும்பாமல் நேராகப் போய், மதிலிலிருந்து எப்போதோ உருண்டு ரோட்டோரத்தில் பாதி புதைந்து கிடந்த பெருங்கல்லில் மோதி, காரைமுள் புதருக்குள் விழுந்தார்.

இந்தத் தடவை இழுபட்ட கோடு இல்லை. சக்கரத் தடம் மெல்ல மெல்ல ரோட்டை விட்டு விலகி, நூல் பிடித்த மாதிரி கல்லுக்கே போயிருந்தது. அகலமான ரோடு. பக்கத்தில் எத்தனையோ இடம். அந்த ஒரு கல்லைத் தேடிப் போனது போல இருந்தது.

நயினார் காலில் ஏறிய முள்ளை ராயம்மாள்தான் ஊக்கினால் எடுத்தாள். எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"விழறதுக்கு முன்னால எதப் பாத்துக்கினு வந்தீங்க, நயினாரே?"

நயினார் பொறுமையானவர். முகத்தைச் சுளித்தபடி யோசித்தார்.

"அந்தக் கல்லத்தான்மா பாத்தேன். அதுல போயி இடிச்சிடக் கூடாதேன்னு அதையே பாத்துக்கினு வந்தேன்."

ராயம்மாள் ஊக்கை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டாள். நயினார் மீதி முள்ளையும் எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் செய்ததைப் பார்த்துக் கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். தலையில் கிராவல் கூடையோடு வளைவில் வேக வேகமாக நடந்தாள். ஒருமுறை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அடுத்த முறை வளைவு முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கல்லைப் பார்த்து நடந்தபோதெல்லாம், எவ்வளவு கவனமாக இருந்தாலும், கால் ஒரு சாண் இரண்டு சாண் அந்தப் பக்கமே ஒதுங்கியது. வளைவின் முடிவைப் பார்த்தபோது உடம்பு தானாகத் திரும்பியது. கண் போகிற பக்கம்தான் ஆள் போகிறான் என்று அருள்சாமியிடம் சொன்னாள். அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றான்.

ஆனால் ஓவர்சீயரின் கோடு இன்னும் விளங்கவில்லை. அதற்கு வண்டியைத் தெரிந்த ஆள் வேண்டும். அவர்கள் மாதா கோயில் பங்கிலேயே ஒருவன் இருந்தான். இருதயநாதன். சண்டைக் காலத்தில் பர்மாப் பக்கம் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போனவன். இப்போது திண்டிவனத்தில் ஒரு பஸ் முதலாளியிடம் வேலை. உதிரிச் சாமான்களை மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு தினமும் திருவண்ணாமலைக்குப் போய் வருவான். வளைவுக்கு அருகே வேலைக்காரர்களின் பானையில் தண்ணீர் குடிக்க நிற்பது வழக்கம்.

ராயம்மாள் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள். நிறுத்துவது எது, எப்படி என்று கேட்டாள். வலது கைப்பிடியில் இருப்பது முன் சக்கரத்துக்கு, இடது காலில் இருப்பது பின் சக்கரத்துக்கு என்று அவன் காட்டினான். அவள் அதோடு விடவில்லை. தள்ளிப் பார்க்கலாமா என்றாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் வண்டியைத் தள்ளினார்கள். நேராகப் போகும்போது அவளைக் கைப்பிடி பிரேக்கை அழுத்தச் சொன்னான். வண்டி நின்றது. பிறகு வண்டியைச் சாய்த்து, வளைத்துத் தள்ளும்போது அழுத்தச் சொன்னான். முன் சக்கரம் சறுக்கி, அவ்வளவு கனமும் அவர்கள் மேல் சரிந்தது. இருதயநாதன் முழங்காலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். ராயம்மாள் பயப்படவில்லை. கீழே குனிந்து தடத்தைப் பார்த்தாள். ஓவர்சீயரின் கோடு, சின்ன அளவில், அங்கே இருந்தது.

"வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்னாலயே கொறச்சிடணும், அக்கா. உள்ள பூந்தப்புறம் கைய வெச்சா அவ்ளோதான்," என்றான் இருதயநாதன்.

ராமகிருஷ்ணன் தோள் சரியாகி வந்தபோது அவள் அதை அவரிடம் சொன்னாள். பணிவாகத்தான் சொன்னாள். உனக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியாது, தடத்தை மட்டும்தான் பார்த்தேன் என்றாள். போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் சைக்கிளில்தான் வந்தார்.

பங்குனிக் கடைசியில் நடந்ததை அவள் எதிர்பார்க்கவே இல்லை. இருதயநாதனே விழுந்தான். அதே வளைவு. கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது. அவனை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ராயம்மாள் திரும்பி வந்தாள்.

பிரேக் போட்ட கோடு இல்லை. கல்லை நோக்கிப் போன தடமும் இல்லை. வளைவின் உட்பக்கத்தில், சாய்ந்து திரும்புகிற இடத்தில், இரண்டு சக்கரமும் சேர்ந்தாற்போல வழுக்கியிருந்தன. அவள் மண்டி போட்டு உள்ளங்கையை ரோட்டில் வைத்துத் தேய்த்தாள். கையின் கீழே கிராவல் உருண்டது. சுண்டைக்காய் அளவுக் கற்கள், உதிரி உதிரியாக.

அது எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மாசியிலிருந்து கிராவல் குவியல் வளைவின் மேட்டுப் பக்கம் இருந்தது. மதில் நிழல் அங்கேதான் விழும் என்று இடத்தைச் சொன்னதே அவள்தான். பஸ் சக்கரம் ஒவ்வொரு முறையும் குவியலின் ஓரத்தை இழுத்து உட்பக்கத்தில் இறைத்திருந்தது. குளத்தில் தண்ணீர் வற்றிப்போனதால் தெளிப்பதும் குறைந்துவிட்டது. கெட்டிப்படாத கல் கிடந்தபடியே கிடந்தது. அதன் மேல் தினமும் நடந்து போனவளும் அவள்தான்.

பச்சைமுத்துவிடம் சொன்னாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாம்பளே ஏம்மா போயி மாட்டிக்கணும்? வாரிப் போட்டுட்டு சும்மா இரு."

வாரிப் போட்டார்கள். குவியலையும் தள்ளி வைத்தார்கள். ஆனால் ராயம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருதயநாதன் வீட்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"தம்பி, நீ வுழுந்ததுக்கு நாந்தான் காரணம்," என்றாள். குவியலைப் பற்றி, நிழலைப் பற்றி, கையில் உருண்ட கல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கோபித்துக்கொள்வான் என்று காத்திருந்தாள்.

"பர்மாவுல எந்த ரோடும் எனக்குத் தெரியாது," என்றான் அவன். "அதனால ஒவ்வொரு அடியும் பாத்துப் போவேன். அங்க ஒரு தபா கூட வுழுந்ததில்ல. இங்க தெனம் போற ரோடு. கண்ண மூடிக்கினு போலாம்னு நெனச்சேன். அன்னிக்கு நான் ரோட்டப் பாக்கவே இல்ல, அக்கா. மல மேல மேகம் எறங்கியிருந்துச்சு, அதப் பாத்துக்கினு வந்தேன்."

அந்தக் காரணம் அவளுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. தடத்தில் அது தெரியாது. விழுந்தவன் வாயால் சொன்னால்தான் உண்டு. அன்று வெகுநேரம் அங்கே இருந்தாள். பர்மாவில் யார் யார் எப்படி விழுந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மழையில் இலை மேல் வழுக்கியவன், தூக்கக் கலக்கத்தில் போனவன், முன்னால் போன லாரியை ஒட்டியே போனவன். அவனும் காலின் வலியை மறந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தது ஓவர்சீயர். அவரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே சொன்னார். அப்படியானால் நான் விழுந்ததும் கப்பியால்தான், அன்றைக்கே சொன்னேனே என்றார். பச்சைமுத்து பின்னால் நின்று கண்ணால் சாடை காட்டினார்.

"இல்லீங்க ஐயா," என்றாள் ராயம்மாள். "நீங்க வுழுந்தது மார்கழி. கிராவல் குமி போட்டது மாசி. அன்னிக்கு அங்க உதிரிக் கல்லே இல்லீங்க. இருதயநாதன் வுழுந்தது எங்களால. நீங்க வுழுந்தது பிரேக்கால."

பச்சைமுத்து தரையைப் பார்த்தார். ராமகிருஷ்ணன் வளைவு வரை நடந்து போனார். திரும்பி வந்து, கோடு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டார். அவள் ஒரு குச்சியால் ரோட்டில் அதை அப்படியே கீறிக் காட்டினாள். நாலு மாதம் ஆகியும் அது அவள் மனசில் அளவு மாறாமல் இருந்தது. அவர் கோட்டின் தொடக்கத்தில் போய் நின்று, வலது கையை இல்லாத கைப்பிடியில் வைத்தது போல மடக்கினார். அங்கேதான் அழுத்தினேன் என்று தனக்குள் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வளைவுக்கு முப்பது அடி முன்னாலேயே வேகம் குறைந்தது. தலை வளைவின் முடிவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சுத்தமாகத் திரும்பிப் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்தார். மூன்றாவது முறை போகும்போது ராயம்மாள் இருந்த பக்கம் பார்த்தார். வளைவில் பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று அவள் கையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அந்த மூன்று மைலில் கிராவலை வளைவில் கொட்டக் கூடாது, நேர் ரோட்டில்தான் கொட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவில் யார் பெயரும் இல்லை.

ஆவணியில் இருதயநாதன் கால் தேறி மறுபடி வண்டி எடுத்தான். ஒரு மத்தியானம் ராயம்மாள் தன்னைப் பின்னால் உட்கார வைத்து அந்த வளைவில் கொண்டு போகச் சொன்னாள். ஊர் என்ன பேசும் என்று பச்சைமுத்து தயங்கினார். பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த அருள்சாமி, போய் வரட்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்கு என்னைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றான். அவள் சேலையை இறுகச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தாள். வளைவில் வண்டி சாய்ந்ததும் விழுந்துவிடுவோம் என்று உடம்பை எதிர்ப்பக்கம் இழுத்தாள். வண்டி தள்ளாடி ரோட்டின் ஓரம் வரை போய் நின்றது. பின்னால் இருப்பவர் வண்டியோடு சேர்ந்தே சாய வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல இருதயநாதன் மறந்திருந்தான். இரண்டாவது முறை அவள் அவனோடு சாய்ந்தாள். மதிலும் மலையும் ஒரு பக்கமாகச் சரிந்து மறுபடி நிமிர்ந்ததை வீட்டில் பிள்ளைகளிடம் கையை வைத்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சிலர் அதற்கப்புறம் தண்ணீருக்கு நிற்கிற சாக்கில் அவளிடம் ரோட்டைப் பற்றிக் கேட்டுப் போவார்கள். எந்த இடத்தில் மல்லாட்டைச் செடி காயப் போட்டிருக்கிறார்கள், எங்கே சாணி ஈரம், எங்கே மழை அரித்திருக்கிறது என்று சொல்லி அனுப்புவாள். விழுந்தவர்கள் குறைந்தார்கள். அடியோடு நிற்கவில்லை.

1949இல், வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில், ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் வளைவைத் தாண்டி நேர் ரோட்டில் விழுந்தார். கல் இல்லை, கிராவல் இல்லை, ஆடு மாடு குறுக்கே வரவில்லை. பிரேக் தடமும் இல்லை. ராயம்மாள் ஓடிப்போய் எதைப் பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், கை எங்கே இருந்தது என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அடுத்த பல நாள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அந்த இடத்தில் நின்று பார்த்தாள். மண்டி போட்டுக் கையால் தடவியும் பார்த்தாள். கடைசி வரை அது அவளுக்குப் பிடிபடவில்லை.