நாற்பத்திரண்டாம் பக்கத்து நீரோ

என் மேசையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர் ஒன்று கிடக்கிறது. பதினான்கு வருடத்துக்கு முந்தியது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். ஊதா நிறத் திரைச்சீலை ஒன்றைத் தோளில் சுற்றியிருக்கிறார். தலையில் பச்சை மட்டைத் தாளில் வெட்டிய இலைக் கிரீடம். ஒரு கை அந்தக் கிரீடத்தை விழாமல் பிடித்திருக்கிறது. கிரீடத்துக்குக் கீழே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், நேற்றுவரை ஒரு வெள்ளை ஸ்டிக்கர். வட்டமாக, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டப்பட்டது. ஒட்டியவள் நான்தான்.

அவர் எங்கள் சங்கத்தின் தலைவர். பதவி போனபிறகும் எனக்கு அவர் தலைவர்தான், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போன மாதம் விட்பியில், மனைவியின் தம்பி வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்றில், செத்துப்போனார். எங்கள் ஆட்களில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவு மலர் கொடுக்கவேண்டும். அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் நன்றி. வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கும் என் சின்ன அச்சகத்தில் கலியாணக் கார்ட் பாதி, இந்த மலர்கள் பாதி. அதனால் அவருடைய மனைவி என்னிடம்தான் வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"எல்லாம் நீங்களே பாத்து எழுதுங்கோ, தங்கச்சி. படம் மட்டும் நான் சொல்லுறதைப் போடுங்கோ. அவர் நீரோ வேசம் கட்டின படம். அதிலதான் வாய் திறந்து சிரிச்சவர். உடுப்பை வெட்டிப்போட்டு முகத்தை மட்டும் எடுத்தாக் காணும்" என்றார். பிள்ளைகள் இல்லாத வீடு. ஊர்ப் படங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. இங்கே சுவரில் மாட்டியிருந்தவை எல்லாம் சங்க விழாப் படங்கள்; பதவி போன அன்று அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி, அப்பார்ட்மென்ற் குப்பைக் குழாய்க்குள் போட்டாராம். அதற்குப் பிறகு யாரையும் படம் எடுக்க விடவில்லை. அக்காவின் போனில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். "உங்கட கொம்பியூட்டரில கிடக்கும்தானே?" என்று கேட்டார். "பாக்கிறன், அக்கா" என்றேன். பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

தலைவரை நான் முதல் கண்டது பார்க்டேலில். ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ற். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து வந்து இறங்கிய அத்தனை பேரும் முதல் சோறு தின்றது அந்த வீட்டில்தான். நானும் என் மனுசனும் அந்த ஹோலில், ஒரு சேலையைக் குறுக்கே கட்டிவிட்டு, மூன்று கிழமை படுத்தோம். சேலைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஐந்து பேர். அகதி விண்ணப்பம் நிரப்புவது, லோயரிடம் கூட்டிப்போவது, பாக்டரி வேலைக்குச் சொல்லிவிடுவது எல்லாம் அவர்தான். நன்றி சொன்னால் கோபம் வரும். ஆனால் சொன்னதைக் கேட்கவேண்டும். எந்தக் கோட்டு வாங்குவது, எந்த பஸ்ஸில் ஏறுவது என்பது வரைக்கும் அவர் சொன்னதுதான் சட்டம்.

சங்கத்தைத் தொடக்கியவரும் அவர்தான். தொடக்கிய நாளிலிருந்து அவரே தலைவர். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆரும் போட்டி போடுறியளோ?" என்று கேட்பார். ஒருவர் தொண்டையைச் செருமுவதற்குள் "அப்ப சரி" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். நாங்கள் சிரிப்போம். உள்ளதைச் சொன்னால், எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. விழாவுக்கு ஹோல் பிடிக்கிற அலைச்சலும் சாப்பாட்டுக்குச் சொல்கிற அலைச்சலும் அவருக்கு, வடை தின்பது எங்களுக்கு.

ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே ஒரு கார்ப் பார்க்கில், வாசலில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் குந்தியிருந்து ரிக்கெற் கொடுப்பார். கார் வராத நேரமெல்லாம் ரோமாபுரிதான். ஒரு வருடம் சங்கத்தின் கலைமாலை விழாவுக்கு ரோமாபுரி அரசன் நீரோவைப் பற்றி நாடகம் எழுதினார். எழுதியவரே நீரோ. கையெழுத்துப் பிரதியை என்னிடம் தந்து ரைப் பண்ணச் சொன்னார். நான் வாய் சும்மா கிடக்காமல், "ரோமாபுரி எரியேக்க பிடில் வாசிச்ச ஆள்தானே, அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். போச்சு! என் கடையிலே ஒரு மணித்தியாலம் பாடம் நடந்தது.

"பிடில் எண்ட சாமானே அப்ப இல்லை, பிள்ளை! நெருப்புப் பிடிக்கேக்க அவன் அங்கை நிக்கவே இல்லை, வேற ஊரில நிண்டவன். ஓடிவந்து, வீடு எரிஞ்ச சனத்துக்குத் தன்ர தோட்டத்தைத் திறந்துவிட்டவன். சாப்பாடு குடுத்தவன். அதை ஒருத்தரும் கதைக்கமாட்டினம்." பிறகு மேசையில் கையை ஊன்றி, குரலை இறக்கி, "எங்கை பிழைச்சதெண்டால், எரிஞ்ச நிலத்தில தனக்கு மாளிகை கட்டினான். சனத்தின்ர சாம்பலுக்கு மேல தன்ர பெருமையை ஏத்தினான். அதோட எல்லாரும் கைவிட்டிட்டினம்" என்றார். தாயைக் கொன்றது, கிறிஸ்தவர்களை உயிரோடு கொளுத்தியது ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. நாடகத்தில் எல்லாம் இருந்தன. ஆனால் கடைசிக் காட்சியைத்தான் ஆசைப்பட்டு எழுதியிருந்தார். காவல்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். நீரோ தன் சிநேகிதர்களின் கதவைத் தட்டிக்கொண்டு திரிகிறான். மேடையில் நாலு கதவு, நாலு கதவுக்குப் பின்னாலும் எங்கள் நிர்வாகசபை ஆட்கள் நாலு பேர். ஒருவரும் திறக்கக்கூடாது. அவ்வளவுதான் அவர்களுக்கு நடிப்பு.

முடிவில் ஒரு பேச்சு வரும். நீரோ செத்தபிறகு அவன் சிலைகளில் முகத்தை மட்டும் கொத்தி, அடுத்து வந்த அரசனின் முகமாக்கிவிட்டார்களாம். "உடம்பு நிக்கும், பிள்ளை. முகம்தான் மாறும்" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அவன் கல்லறையில் கனகாலம் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது. எல்லாவற்றையும் நான் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அதற்கு மேலே யோசிக்கவில்லை.

நாடகத்தன்று, நீரோ யாழை எடுத்துப் பாடுகிற கட்டத்தில், மட்டைக் கிரீடம் வழுகி மூக்கில் வந்து நின்றது. சபை கொல்லென்று சிரித்தது. நாங்கள் பயந்துபோனோம், மனுசன் இனி விழாவையே நிற்பாட்டப்போகிறார் என்று. அவரோ கிரீடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வசனத்தை மறந்து, வாய் நிறையச் சிரித்தார். அந்த வருடங்கள் எல்லாவற்றிலும் அவர் கையை மீறி நடந்தது அது ஒன்றுதான். அந்தக் கணத்தில் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவருக்கு நீரோ என்று பெயர் வந்தது. அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைப்பட்டார் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்த வருடம் எல்லாம் கவிழ்ந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து நூல்நிலையம் முன்னொரு நாள் ஷெல் விழுந்து எரிந்தது. அங்கே வேலை செய்த ரீச்சர் புத்தகங்களை வெளியே எடுக்கப்போய், திரும்பி வரவில்லை. சங்கம் காசு சேர்த்துக் கட்டுகிற புதுக் கட்டடத்துக்கு அந்த ரீச்சரின் பெயர்தான் என்று பொதுக்கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்தி முடிவெடுத்திருந்தோம். கட்டடம் எழும்பியது. திறப்புவிழாப் படம் வந்தது. வாசற்கல்லில் தலைவரின் பெயர் பெரிதாக வெட்டியிருந்தது. ரீச்சரின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவசரக் கூட்டம். ரீச்சரின் தங்கை வந்திருந்தார், வாழ்க்கையில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர். எழுந்து, "என்ர அக்காவின்ர பேர் எங்கை, அண்ணை?" என்று மட்டும் கேட்டார். அந்த நேரம் தலைவர் தலையைக் குனிந்திருந்தால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் விட்டிருப்போம். கல்லை மாற்றிவிட்டு மறுபடி வடை தின்றிருப்போம். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கட்டினது ஆர்?" என்று திருப்பிக் கேட்டார்.

தலைவரை நீக்குவதற்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். பார்க்டேல் ஹோலில் படுத்த அத்தனை பேரும் உயர்த்தினோம். அவருடைய மனைவி, அக்கா மட்டும் உயர்த்தவில்லை. அன்றைக்கு உயர்த்திய கையை நான் இன்றைக்கும் இறக்கிக்கொள்ளமாட்டேன். அவர் செய்தது அநியாயம்தான். எரிந்த நிலத்தில் மாளிகை கட்டியவனின் கதையை எனக்குச் சொல்லித் தந்தவரே அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கையைப் பற்றியல்ல. அதற்குப் பிறகு இந்த இரண்டு கைகளும் செய்த வேலையைப் பற்றி.

கலைமாலைக்கு ஆறு நாள் இருந்தது. ஆண்டு மலர் முந்நூறு கொப்பி அச்சாகி, கட்டுக்கட்டாக என் கடையில் கிடந்தது. ஏழு இடத்தில் தலைவரின் முகம், போன வருடத்து நீரோ படமும் அதில் ஒன்று. திரும்ப அடிக்க நேரமில்லை. புதுச் செயலாளர் நாலு பேரோடு வந்து, எப்படி மறைப்பது என்று தலையைச் சொறிந்தார். கறுப்பு மை பூசலாம் என்றார் ஒருவர். பக்கத்தைக் கிழிக்கலாம் என்றார் இன்னொருவர். எனக்கு அந்த அரைகுறை வேலை பிடிக்கவில்லை. "ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவம், துப்பரவா இருக்கும்" என்று சொன்னது நான்தான். கேட்டு வந்த யோசனை இல்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது.

இருந்ததிலேயே பசை கூடின தாளை எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் அளவாக வெட்டி, கோடு போடுகிற அடிமட்டத்தின் விளிம்பால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். "கிளம்பிடாதோ, தங்கச்சி?" என்று செயலாளர் கேட்டார். "என்ர கை ஒட்டினா ஒட்டினதுதான், அண்ணை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கொம்பியூட்டரில் இருக்கிற படங்களையும் அழிக்கச் சொன்னார்கள். கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிக் காட்டினேன்.

அந்தக் கிழமை என் கடைப் போனில் அவருடைய நம்பர் நாலு தரம் வந்தது. நாலு தரமும் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற வீடுகளிலும் அதேதான் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த கிழமை ஆளே நேரில் வந்தார். சப்பாத்தில் பனி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒட்டாத கொப்பி ஒண்டு கிடக்கோ, பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கடைக் கொப்பி?" என்றார். எந்த அச்சகமும் தான் அடித்ததில் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அது அவருக்குத் தெரியும். "அதையும் ஒட்டிப்போட்டன், அண்ணை."

அதை ஏன் ஒட்டினேன்? ஒருவரும் கேட்கவில்லை. வேலை என்றால் முழுதாகச் செய்யவேண்டும் என்ற திமிர், வேறென்ன. அவர் அந்தக் கொப்பியை வாங்கி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்து, ஸ்டிக்கரைப் பெருவிரலால் ஒருதரம் தடவினார். மூடி மேசையில் வைத்தார். "சரி, பிள்ளை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அதன் பிறகு அவரை நான் காணவேயில்லை. ஊரில் வாசற்கல்லைக் கொத்தி ரீச்சரின் பெயரை வைத்தார்கள். அது நடக்கவேண்டியதுதான், நடந்தது. அவர்கள் குடிபோன விட்பிக்கு இங்கேயிருந்து காரில் முக்கால் மணி நேரம். பதினான்கு வருடத்தில் ஒருநாள் போயிருக்கலாம். போகவில்லை. செத்தவீட்டுக்குப் போனேன். கார் நிறுத்த இடம் தேடவேண்டியிருக்கவில்லை.

அக்கா படம் கேட்டுப் போனபிறகு, பழைய ஆட்கள் எல்லாருக்கும் போன் எடுத்தேன். அநேகம் பேர் மலரை, பழைய பேப்பர் எறிகிற நீலப் பெட்டியில் எப்போதோ போட்டுவிட்டார்கள். இரண்டு பேரிடம் இருந்தது, வாங்கிவந்தேன். கடைக் கொப்பியோடு மூன்று. நேற்று அக்கா வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். இனி மறைத்து என்ன? நானே ஒட்டினேன் என்று சொன்னேன். "தெரியும், தங்கச்சி. அவர் சொன்னவர்" என்றார்.

முதல் கொப்பிக்கு நீராவி பிடித்தேன். தாள் நெளிந்து கிழிந்தது. இரண்டாவதற்கு எண்ணெய். மை கரைந்து ஊதாவோடு கலந்தது. மூன்றாவது கடைக் கொப்பி. ஹெயார் ட்ரையரால் சூடு காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகக் கிளப்பினேன். ஸ்டிக்கர் முழுசாக, வட்டமாக வந்தது. ஒரு கணம் எனக்குச் சந்தோசம்கூட வந்தது, நாசமாய்ப் போக. முகமும் அதோடு வந்துவிட்டது. தாளில் மிஞ்சியது பாதிக் கண்ணும் இரண்டு பல்லும்தான். கிரீடம் இருக்கிறது, அதைப் பிடித்த கை இருக்கிறது, திரைச்சீலையின் மடிப்புக்கூட அப்படியே இருக்கிறது.

அக்கா கொப்பியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் அந்த வெள்ளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "நல்லா ஒட்டியிருக்கிறியள், தங்கச்சி" என்றார். அதில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு கைப்பையைத் திறந்து அவருடைய படம் போட்ட ஹெல்த் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதைப் போடுங்கோ. இதுக்குச் சிரிக்க விடமாட்டாங்கள். பரவாயில்லை, ஆளைத் தெரியும்தானே."

முப்பத்தோராம் நாள் நாளைக்கு. அட்டைக்குப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். மங்கிப் போய், யாரோ போல இருக்கிறது. ஐம்பது கொப்பி போதும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதுவும் மிஞ்சும்.