புள்ளிதான் அழியும்

எண்பதுகளில் நியூசிலாந்தின் ஒனிஹங்காத் தொழிற்சாலையொன்றில் என்னோடு வேலை செய்த அண்ணை, கொதிகலன் பார்த்தவர். இடக்கை வெந்து சுருங்கியிருக்கும். தினமும் நீராவி அழுத்தத்தை வரைபடத்தில் புள்ளியாக வைப்பார், தாள் ஓட்டையாகும்வரை பென்சிலை அழுத்துவார்.

அழுத்தம் எகிறி அவர் கை வெந்த நாளின் புள்ளி உச்சியில் நின்றது. பரிசோதகர் வருமுன் மேலாளர் என்னிடம் புள்ளிகளை அழித்து, ஒவ்வொரு நாளுக்கும் அதைச் சுற்றிய ஏழு நாள் சராசரியைக் கோடாக இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அந்த நாள் சிறு மேடாகிப்போனது.

"கோவமில்லையோ அண்ணை?"

"நல்லா அழி தம்பி. புள்ளிதான் அழியும்."

பரிசோதகர் முன்னால் அண்ணை தாளை ஜன்னலில் பிடித்தார். கோட்டுக்கு வெகு மேலே ஒரு துளை வெயிலில் எரிந்தது. மேலாளர் வெளிறினார். அண்ணையோ என் பக்கம்தான் திரும்பினார்:

"கோடு வடிவாத்தான் கீறியிருக்கிறாய்."