கதவுக்குப் போகும் கை

எது நின்றாலும் என் அக்காவின் இடது கை எழுந்துவிடும். பேருந்து நின்றால் எழும். லிஃப்ட் நின்றாலும் எழும். கை பக்கவாட்டில் போய் ஒரு கைப்பிடியைத் தேடும், உடம்பு இடப்பக்கம் திரும்பும், கண் தலைகளை எண்ணும். எண்ணுவதற்கு ஆளே இல்லாத இடத்திலும் எண்ணும். பள்ளி வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, வீட்டுக்கு வீடு கதவைத் திறந்து குழந்தைகளை ஏற்றி இறக்கியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பல வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்ப்பேன், பேச மாட்டேன். அக்கா வீட்டு மாடி அறையில்தான் என் தையல் மிஷினும் நானும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படித்தான். எங்கள் சொந்த வேனான அதை ஓட்டிய மாமா, அதாவது அக்காவின் கணவர், எனக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி.

மாமாவின் கண்ணுக்கு நேராக இருப்பது தெரிந்தது, ஓரங்கள் தெரியவில்லை. ஒருநாள் இடப்பக்கம் வந்த சைக்கிள்காரனை அவர் பார்க்கவே இல்லை. அக்கா போட்ட கூச்சலில்தான் வண்டி நின்றது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடலாம், வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு டிரைவரை வைத்தால் வருகிற பணம் அந்த ஆளின் சம்பளத்துக்கே சரியாகிவிடும். அக்கா யோசித்துவிட்டு, பள்ளியில் வண்டிகளைக் கவனிப்பவரிடம் போய் நின்றாள். “நானே ஓட்டறேங்க.”

அவர் சிரிக்கவில்லை. “லைசென்ஸ் வாங்கிடுங்க. லீவு முடிஞ்சு திறக்கற அன்னைக்கு நானும் வண்டியில வருவேன். எனக்குத் திருப்தியா இருந்தா ஓட்டுங்க. இல்லைன்னா அந்த ரூட்டை வேற வண்டிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது.”

பயிற்சி நிலையத்தில் சின்னக் காரில் கற்று அக்கா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வேன் வேறு சங்கதி. அதற்கு மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால்.

“கிளட்சை விடு. மெதுவா. மெதுவான்னா மெதுவா! கண்ணாடியப் பாரு. ரோட்டைப் பாரு. கியர் எங்க? ஏய், ஹாரன் அடி!”

“ஏங்க, எனக்கு இருக்கறது ரெண்டு கைதான்.”

“கை ரெண்டு போதும். காதைத் திற.”

“காதுதாங்க வலிக்குது.”

தினமும் இப்படித்தான் போனது. வீட்டுக்கு வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள். சோற்றைத் தட்டில் போட்டாலும் கை வைக்க நேரமாகும். மாமாவும் களைத்துப்போய்க் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து கிடப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

ஒரு மாலை அக்கா, எங்கள் தடத்தின் இரண்டாவது வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தாள். வண்டி முழுதாக நிற்கவில்லை. அதற்குள் இடது கை ஸ்டீயரிங்கை விட்டுக் கிளம்பியது. உடம்பு கதவுப் பக்கம் திரும்பியது, பிரேக்கிலிருந்து கால் தளர்ந்தது. வேன் தன்பாட்டுக்கு உருண்டு போய் வாசல் தூணில் இடித்து நின்றது. விளக்குக் கண்ணாடி உடைந்தது. வண்டியில் குழந்தைகள் இல்லை, வாசலிலும் யாரும் இல்லை.

மாமா இறங்கி உடைந்த விளக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வண்டிய வித்துடலாம்” என்றார். “குழந்தைங்க உசுரு. நீயும் நானும் விளையாட முடியாது.”

மறுநாள் காலை அக்கா மாடியேறி வந்து என் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் தூங்காத முகமாக இருந்தது.

“ஓட்டத் தெரியாம இடிக்கலைடி. நிறுத்தினதும் நான் டிரைவர்ங்கறதே மறந்துபோகுது. பழைய வேலைக்குப் போயிடறேன்.”

நான் தலையாட்டினேன். அதை நான் முதல் நாளே பார்த்திருந்தேன்.

“பார்த்தியா? அப்போ சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“மாமா பேசிட்டிருந்தாரு...”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலுத்துப்போன சிரிப்பு. “சரி எழுந்திரு. இனிமே நீதான் பக்கத்துல உட்காரணும். வாயே திறக்காத, அது உனக்குக் கஷ்டமில்ல. என் இடது கை எப்ப கிளம்புதோ அப்பவே கதவுத் தகரத்துல ஒரு தட்டு. அது மட்டும்.”

மாமாவிடமும் சொன்னாள். “நீங்க வீட்ல இருங்க. என்ன தப்பு வருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் ஒண்ணா சொன்னா எதுவும் ஏற மாட்டேங்குது.”

“ஓஹோ, இந்த வாயில்லாப்பூச்சி வாத்தியாராயிடுச்சா?” என்றார் மாமா. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே பழைய கிடங்கு ஒன்றின் முன்னால் வெற்று மைதானம் இருந்தது. அங்கே அக்கா வண்டி ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. நிறுத்தினாள். கொஞ்ச தூரம் போவாள், நிறுத்துவாள். மறுபடி போவாள், நிறுத்துவாள். கை கிளம்பும், நான் தட்டுவேன். நிறுத்தியதும் கைபிரேக்கை இழுத்து, “நின்னுச்சு” என்று வாய்விட்டுச் சொல்வாள். சொன்ன பிறகுதான் திரும்பலாம் என்று அவளே வைத்துக்கொண்ட சட்டம். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது மட்டும் வருவாள். கை தப்பத் தொடங்கினால், “போதும்டி, இதுக்கு மேல தப்பைத்தான் பழகுவேன்” என்று இறங்கிவிடுவாள்.

சில நாள் தட்டித் தட்டி என் விரல் முட்டி சிவந்தது. பிறகு தட்டுவது குறைந்தது. ஒரு காலை முழுக்க நான் தட்டவேயில்லை. மறுநாள் மறுபடி நிறையத் தட்டினேன். அன்று அக்கா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். “எனக்கு வயசாயிடுச்சு போல” என்றாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அதற்கடுத்து என்னையும் பழக்கினாள். நிறுத்தம் நிறுத்தமாகப் போய், அவள் ‘நின்னுச்சு’ என்றதும் நான் கதவைத் திறக்க வேண்டும், முன்னால் திறந்தால் திட்டு. திறக்க வேறு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்தக் கை கொஞ்சம் அடங்கியது.

பள்ளி திறந்த அன்று, வண்டிகளைக் கவனிப்பவர் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். மூன்றாவது வீட்டு வாசலை நெருங்கும்போது, அங்கே நின்ற குழந்தை சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டு வீறிட்டு அழுதது. அக்காவின் இடது தோள் துடித்ததை நான் பார்த்தேன். என் விரல் முட்டி தகரத்தின் மேலேயே இருந்தது. அவள் கை நகரவில்லை. வண்டி நின்றது, கைபிரேக் ஏறியது.

“நின்னுச்சு.”

“யாருக்குங்க சொல்றீங்க?” என்றார் அவர்.

“எனக்குத்தாங்க.”

எல்லாக் குழந்தைகளும் ஏறிய பிறகு, “அந்த முட்டுச் சந்துக்குள்ள போகலையே?” என்று கேட்டார்.

அக்கா மறைக்கவில்லை. “ரிவர்ஸ் எனக்கு இன்னும் வரலைங்க. நிறுத்தறதைத்தான் முதல்ல பழகினேன். அங்க இருக்கற பாப்பாவை முனை வரைக்கும் கூட்டிட்டு வரச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க அம்மா சரின்னாங்க.”

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பள்ளி வாசலில் இறங்கும்போது, “ஓட்டுங்க. ஆனா அதையும் கத்துக்கணும்” என்றார். அக்கா தலையாட்டினாள். சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

இப்போது வேனை அக்கா ஓட்டுகிறாள். கதவுப் பக்கம் நான் இருக்கிறேன். மாமா வீட்டில் சமைக்கிறார், உப்பு கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கு மைதானத்தில் அக்கா ரிவர்ஸ் எடுத்துப் பழகுகிறாள். இன்னும் சரியாக வரவில்லை. சந்தில் இருக்கும் குழந்தை முனை வரை நடந்துதான் வருகிறது.