டேப் அக்காவின் கணக்குப் பரீட்சை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் சும்மா வைக்கவில்லை. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். உள்ளே சூடு சரியாக ஏறியிருந்தால் டேப்பில் இருக்கும் வெளிறிய கோடுகள் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் கட்டைப் பிரித்து, புதிதாகக் கட்டி, மறுபடி உள்ளே தள்ள வேண்டியதுதான். மற்றவர்களாக இருந்தால் கோடு சாம்பல் நிறத்துக்கு வந்ததுமே, "போதும் விடுக்கா, வெளிய டாக்டர் கத்துறார்" என்பார்கள். இவள் அசைய மாட்டாள். பெரிய டாக்டரே கதவில் வந்து நின்று பல்லைக் கடித்தாலும், "கோடு வரல சார், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு அடுத்த துணியை மடிப்பாள்.

ஆக, சோதனை என்றால் ஓடி ஒளிகிற ஆள் இல்லை அவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் அவளைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர், பரீட்சைக்குப் பயந்து கோட்டை விட்டவள் என்றுதான் பேசினார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, வாடகையா கொடுக்க வேண்டும்?

அந்த அறையின் பொறுப்பாளர் அம்மாள் ஓய்வு பெறும் நேரம் வந்திருந்தது. முழங்கால் வலியில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே ரொம்ப நாளாயிற்று. எந்த அறுவைக்கு எந்தக் கட்டு போக வேண்டும், எந்தக் கத்தரி முனை மழுங்கிவிட்டது, யாருக்கு லீவு, யார் யாரோடு சண்டை, எல்லாம் டேப் அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பொறுப்பாளர் அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு முட்டுக்கட்டை. அந்த நாற்காலிக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். அவளிடம் அது இல்லை.

அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது, முக்கால்வாசி இருந்தது. பள்ளியில் எல்லாப் பாடமும் தேறியவள்தான். ஆனால் பள்ளி போடும் மார்க் எல்லாம் ஒரு பக்கம். அரசாங்கம் வைக்கும் பொதுத்தேர்வில் தேறினால்தான் கையில் சான்றிதழ் என்று அன்றைக்கு விதி. அந்தத் தேர்வில் கணக்கு அவளைக் குப்புறத் தள்ளிவிட்டது. மறுபடி எழுதினாள். மறுபடியும் தள்ளியது. மூன்றாவது தடவை இரண்டே மார்க்கில் போயிற்று. அப்புறம் கல்யாணம், குழந்தை, இந்த வேலை. கணக்குப் புத்தகம் பரணுக்குப் போய்விட்டது.

இந்த வருஷம் அவள் மகளுக்கு அதே பொதுத்தேர்வு. நாற்காலியும் காலியாகப் போகிறது. ஒரு கை பார்த்துவிடலாம் என்று தானும் தனித்தேர்வராக எழுதுவதென்று முடிவு செய்தாள். வேலை முடிந்து வந்து, சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு, அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்காருவார்கள். சொல்லிக் கொடுப்பது மகள்.

"இந்த எக்ஸ் எங்கிருந்து வந்துச்சு?" என்பாள் அம்மா.

"அது எங்கிருந்தும் வரலம்மா. அது இருக்கும், அவ்வளவுதான். மேல போ."

அம்மா மேலே போக மாட்டாள். எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிகிற வரைக்கும் அதையே போட்டுக் குடைவாள். மகள் கொட்டாவி விடுவாள். இப்படியே போய், கடைசியில் மாதிரித் தேர்வுகளில் அம்மா அறுபதைத் தாண்ட ஆரம்பித்தாள். மகள் முப்பதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். வேன் ஓட்டும் வீட்டுக்காரர், "ரெண்டு பேருக்கும் ஒரே ஹால்ல இடம் போட்டுடப் போறாங்க. உன்னைப் பாத்து அவ எழுதிடுவா, ஜாக்கிரதை" என்று கேலி செய்வார்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையின் தொலைக்காட்சியில் சொன்னார்கள். இந்த வருஷம் முதல் பொதுத்தேர்வு கிடையாது. பள்ளிக்கு ஒழுங்காக வந்து, பள்ளி வைக்கும் பரீட்சைகளை எழுதினால் போதும், சான்றிதழ் உண்டு. சேதி முடிவதற்குள் மகளின் போன். அவள் குதித்ததில் பேச்சே புரியவில்லை. டேப் அக்காவுக்கும் சந்தோஷம்தான். 'அப்போ எனக்கும் வந்துடும்' என்று நினைத்துக்கொண்டாள். அவள் வேலை செய்யும் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அன்று அவள் செலவில் டீ.

மறுநாள், தான் படித்த பள்ளிக்குப் போனாள். அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல மரியாதையாகத்தான் பேசினாள்.

"இது இந்த வருஷத்துல இருந்து முடிக்கிற பிள்ளைங்களுக்குங்க. உங்களுக்குப் பழைய விதிதான்."

"பழைய விதின்னா?"

"பொதுத்தேர்வுல கணக்கு பாஸ் பண்ணணும்."

"சரி, பண்றேன். எப்ப வைக்கிறீங்க?"

"அதைத்தான் எடுத்துட்டாங்களே."

கேலி செய்கிறாளோ என்று டேப் அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் கேலி எதுவும் இல்லை. "தேர்வு அலுவலகத்துல கேட்டுப் பாருங்க" என்று வழி சொன்னாள் அந்தப் பெண்.

தேர்வு அலுவலகத்தில் பீரோக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படியெல்லாம் கயிறும் தூசியும். மாடியில் ஒரு குமாஸ்தா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலி காலையிலேயே லாரியில் போய்விட்டதாம். டேப் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"உங்களை மாதிரி பழைய ஆளுங்களுக்குத் தனியா உத்தரவு வரும்மா."

"எப்ப வரும்?"

"நாங்க எழுதி அனுப்பணும். அப்புறம் வரும்."

"அனுப்பிட்டீங்களா?"

அவர் பீரோக்களைக் கை காட்டினார். "ஆபீஸே போகுது. எனக்கே நாளைக்கு எங்க வேலைன்னு தெரியல."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பழைய கேள்வித்தாள் இருக்கும்ல? ஒண்ணு குடுங்க. இங்கயே உங்க கண்ணு முன்னாடி எழுதுறேன். நீங்களே திருத்துங்க."

குமாஸ்தா முக்காலியை விட்டு எழுந்தார். பிறகு எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த ஒரு கட்டைக் காலால் நகர்த்தினார். போன வருஷத்தில் மிஞ்சிய கணக்குக் கேள்வித்தாள்கள். "வேணும்னா எடுத்துக்குங்க. திருத்தக்கூட செய்வேன். ஆனா நீங்க பாஸ்னு கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல." அவள் இரண்டு தாளை உருவிப் பைக்குள் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. "நகருங்கம்மா" என்றபடி பின்னால் ஒரு பீரோ வந்தது.

பஸ்ஸில் வரும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. பரீட்சை ஒழிந்தது தப்பு என்று அவள் சொல்லவில்லை. அதில் அடிபட்டவளுக்குத் தெரியாதா, அது எத்தனை பெண்களை வீட்டோடு உட்கார வைத்தது என்று? ஒழியட்டும். ஆனால் பூட்டுகிறவர்கள், உள்ளே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை குரல் கொடுத்துப் பார்க்க வேண்டாமா? படிக்காமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். படித்து முடித்துவிட்டு நிற்கிறாள், கேள்வி கேட்க ஆள் இல்லை.

அறையில் விஷயம் தெரிந்ததும் ஒருத்தி சொன்னாள். "பேசாம இங்கயும் டேப்பை எடுத்துட்டா தேவலைக்கா. எல்லாக் கட்டும் பாஸ்." எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்தபடியே அடுத்த கட்டின் மேல் டேப்பை ஒட்டினாள்.

ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"நீங்கதான் அந்த அறையை நடத்துறீங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா சான்றிதழ் இல்லாம என்னால போட முடியாது. அந்த உத்தரவு வர்ற வரைக்கும் நாற்காலியைக் காலியா வைக்கவும் முடியாது. வெளிய விளம்பரம் குடுக்கப் போறோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது. "உங்க பொண்ணு இந்த வருஷம் முடிக்கிறால்ல? அவளை அப்ளை பண்ணச் சொல்லுங்களேன். சான்றிதழ் இருந்தா போதும், வேலையை வந்து கத்துக்கலாம். பொறுப்பு அவ பேர்ல இருக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க."

"சார், அவ கணக்குல முப்பது தாண்ட மாட்டா."

"அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறா?"

வீட்டுக்கு வந்து சொன்னாள். வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "இதுல கோபப்பட என்ன இருக்கு? யார் பேர்ல வந்தாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது?"

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நான் வேணா அப்ளை பண்ணட்டுமாம்மா? நீதான் கூட இருப்பியே."

டேப் அக்கா சத்தம் போடவில்லை. மேஜையை ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு கேள்வித்தாளை எடுத்து மகள் முன்னால் வைத்தாள்.

"எழுது."

"என்னம்மா இது?"

"போன வருஷத்துக் கணக்கு. பாஸ் மார்க் எடு. அப்புறம் அப்ளை பண்ணு."

"அந்தப் பரீட்சையைத்தான் எடுத்துட்டாங்களே."

"அவங்க எடுத்துட்டாங்க. இந்த வீட்டுல இன்னும் எடுக்கல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா உடனே வேன் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மகள் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

டேப் அக்கா இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வெள்ளைக் காகிதத்தில் ஓரம் மடித்து நகத்தால் நீவினாள்.

வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "அவ எழுதுறது சரி. நீ எதுக்கு எழுதுற? அதான் பரீட்சையே இல்லைன்னு ஆயிடுச்சே."

"எல்லாருக்கும் இல்லைன்னு ஆயிடுச்சு. எனக்கு மட்டும் இன்னும் இருக்காம்," என்றாள் அவள், முதல் கேள்வியைப் படித்துக்கொண்டே. "நேரமாகுது, பேசாம இருங்க."