பத்துநாள் அக்கா

அக்கா முதலில் மவுஸைத் தொடமாட்டார். நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்து, "நீங்களே மெனுவைத் திறங்க. தினமும் எப்படித் திறப்பீங்களோ அப்படியே" என்பார். கணினிக்குச் சொந்தக்காரர் திறப்பார். அக்காவின் பார்வை அவருடைய கையின் மேல்தான் இருக்கும். அது எங்கே யோசிக்காமல் போகிறது, எங்கே ஒரு நொடி தயங்குகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிடம் கழித்து, "போதும், எழுந்திரிங்க" என்று இடத்தை வாங்கிக்கொள்வார்.

பதினேழு வருடமாக இதுதான் தொழில். பள்ளிக்கூட அலுவலகம், பல் மருத்துவர், அச்சகம், நூலகம் என்று இருபது இருபத்திரண்டு இடங்களின் கணினிகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. பழுதும் பார்ப்பார். ஆனால் அவர் பெயர் வாங்கியது மெனுவை ஒழுங்குபடுத்துவதில். புதுக் கணினி வாங்கியவர்களுக்குத் தெரியும்: பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்த முதல் நாளே மெனுவில் அழையாத விருந்தாளிகள் வரிசைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். மூன்று விளையாட்டுகள், வானிலை, முப்பது நாள் இலவசம் என்று பல்லிளிக்கும் ஏதோ ஒன்று, யாரும் அனுப்பாத ஃபேக்ஸுக்கு ஒரு வழி. இவற்றுக்கு நடுவில் நமக்கு வேண்டியதைத் தேடுவதற்குள் தேடியது எது என்பதே மறந்துவிடும்.

மற்ற மெக்கானிக்குகள் வேண்டாததைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அக்கா எதையும் உடனே அழிப்பதில்லை. 'பத்து நாள்' என்று பெயரிட்டு ஒரு கோப்புறையை உருவாக்கி, வேண்டாத ஷார்ட்கட்டுகளை, அதாவது புரோகிராமைத் திறக்கும் குறுக்குவழிகளை, அதற்குள் நகர்த்தி வைப்பார். எது எந்த இடத்தில் இருந்தது என்று நீல அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். கணினிக்குள் மெனுவுக்கு இரண்டு அலமாரிகள் உண்டு. ஒன்று அந்தக் கணினியைத் தொடும் எல்லாருக்கும் பொது; இன்னொன்று அவரவருக்குத் தனி. பொது அலமாரியில் கைவைத்தால் ஒருவருக்கு வேண்டாதது எல்லாருக்கும் இல்லாமல் போகும். அதனால் நோட்டில் 'பொ', 'த' என்று குறித்துக்கொள்வார். பத்து நாளில் யாரும் கேட்கவில்லை என்றால் வந்து அழிப்பார். மாதம் ஒருமுறை மட்டும் நடக்கிற வேலைக்கான குறுக்குவழி என்றால் நாற்பது நாள் அவகாசம். இப்படித்தான் வைத்த பெயர் மறைந்து 'பத்துநாள் அக்கா' நிலைத்தது.

"ஷார்ட்கட்தானே, அழிச்சா புரோகிராம் எங்கயும் போயிடாதே, அப்புறம் என்ன பயம்?" என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. அக்கா மறுக்கமாட்டார். "சரிதாங்க. ரோட்டோரம் நட்டிருக்கிற பலகையைப் பிடுங்கினா ஊரு எங்கயும் போயிடாது. போறவன்தான் எங்கயாவது போயிடுவான்."

ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். யாராவது அதைப் போட்டு வைத்திருந்தால், "வீட்டைப் பெருக்கச் சொன்னா ஆளையும் சேர்த்துப் பெருக்கிட்டுப் போற துடைப்பம் இது" என்பார். மெதுவாக வேலை செய்கிறாரே என்று முகம் சுளிப்பவர்களுக்கும் பதில் உண்டு: "பதறாத காரியம் சிதறாது. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

வீட்டில் கதை வேறு. பேருந்து ஓட்டுநரான அவருடைய கணவர் கழற்றிப்போட்ட பழைய சட்டை மறுநாள் காலையில் தரை துடைக்கும் துணியாக உருமாறியிருக்கும். "ஊருக்கெல்லாம் பத்து நாளு. எனக்குப் பத்து நிமிஷம்கூடக் கிடையாது" என்று அவர் புலம்புவார். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பைக்குள் தனக்குப் பிடித்தமான சட்டைகளை அவர் ஒளித்து வைத்திருப்பது அக்காவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

இவ்வளவு நிதானக்காரர் ஒரு தடவை அவசரப்பட்டார். நூலகத்தில்தான்.

அங்கே பதினொரு கணினிகள். நூலகர் கறாரான பெண்மணி; கெட்டவர் என்று சொல்லமுடியாது. யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஒரே மெனுதான் தெரியவேண்டும், வேலைக்கு வேண்டிய ஆறு மட்டும் இருந்தால் போதும் என்பது அவர் உத்தரவு. அன்று அக்காவுக்கு மத்தியானம் பல் மருத்துவரிடம் போகவேண்டியிருந்தது. பல்லுக்காக இல்லை, அவருடைய பிரிண்டருக்காக. பதினொரு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கை பார்க்க நேரமில்லை. கூடத்தின் நடுவில் நின்று பட்டியலை உரக்க வாசித்தார். "விளையாட்டு, யாருக்காவது வேணுமா? வானிலை? பூதக்கண்ணாடி?"

பூதக்கண்ணாடி என்றது திரையில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை. கணினியோடு தானாகவே வருவது. கவுண்டரில் இருந்த பெண், "இங்க யாரு அக்கா கிழவன் கிழவி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னலோர மேசையில் இருந்த பட்டியல்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அக்கா அதை நகர்த்தி, நோட்டில் 'பொ' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

பட்டியல்காரர் என்பவர் புதிதாக வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் கொடுத்துக் கணினியில் ஏற்றுகிறவர். இருபத்தாறு வருடமாக அதே ஜன்னலோர மேசை. ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அவர் கொடுக்கும் எண்ணைப் பார்த்துத்தான் புத்தகம் தட்டுக்குப் போகும். ஓர் எண் மாறினால், புத்தகம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும், ஆனால் கேட்டவர் கைக்குக் கிடைக்காது.

பத்து நாளில் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் அழிப்பதற்காக வந்தார். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் முதலில் திரையைத் துணியால் துடைப்பது அவர் வழக்கம். ஜன்னலோர மேசையில் துடைக்கப் போனவர் கையை நிறுத்தினார். திரையின் நடுவில், பட்டாணி அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்காக ஒரு தடம். அதைச் சுற்றி மூச்சுக்காற்று பட்டு மங்கிய வட்டம். விரல் பட்ட தடம் இப்படி இருக்காது. பக்கத்தில் கிடந்த காகிதத்தில் அன்றைய புத்தக எண்கள், தடித்த கறுப்பு மையில், கடைப் பெயர்ப்பலகை எழுத்து அளவுக்கு எழுதியிருந்தன. அக்கா எழுந்து, பட்டியல்காரர் உட்காரும் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். பிசுக்குத் தடம் சரியாக மூக்கு நுனிக்கு நேராக இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்த பட்டியல்காரர் தன் மேசையில் அக்காவைப் பார்த்ததும் காகிதத்தை எடுத்து மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, பூதக்கண்ணாடி உங்களுக்குத்தான் வேணுமா?"

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்."

அக்கா திரையில் இருந்த தடத்தைக் காட்டினார். பட்டியல்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புரை விழுந்திருக்கு. ரெண்டு கண்ணுலயும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்காங்க, இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அந்தக் கண்ணாடியை வச்சு ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. நான் கேட்டேனே."

"கேட்டே. அத்தனை பேருக்கு நடுவுல கேட்டே. கூட்டத்துல நின்னுக்கிட்டு எவன்மா தன் கொறையைச் சொல்லுவான்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

பட்டியல்காரர் சொல்லிக்கொண்டே போனார். போன வாரம் மூன்றை எட்டு என்று படித்துவிட்டாராம். தேனீ வளர்ப்புப் புத்தகம் பொம்மை செய்யும் புத்தகங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு முந்தின வாரமும் இரண்டு இப்படி. "மேடம் கூப்பிட்டு, 'வேலையில கவனமே இல்ல. இன்னொரு தப்பு வந்தா இந்த மேசையை வேற ஆளுக்குக் கொடுத்திட்டு உங்களைப் பின்னாடி ஸ்டோருக்கு அனுப்பிடுவேன்'னாங்க. கண்ணுன்னு சொல்ல வாய் வரல. கண்ணு போன ஆளுக்குப் பட்டியல் எதுக்குன்னு கேட்டுட்டா? வீட்டுலகூட இன்னும் சொல்லல. அவ பயந்துடுவா."

"கண்ணு எங்க போச்சு? புரைதானே, எடுத்தா சரியாயிடும்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்."

அக்காவுக்குத் தன் மேல்தான் ஆத்திரம் வந்தது. இந்த மனிதரைத் தனியாக உட்காரவைத்து ஐந்தே நிமிடம் கையைப் பார்த்திருந்தால், அது நேராகப் பூதக்கண்ணாடிக்குத்தான் போயிருக்கும். அந்த மூன்றும் எட்டாகியிருக்காது. பல் மருத்துவரின் பிரிண்டர் அன்று ஒருநாள் காத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

நோட்டைத் திறந்தார். எந்த இடத்திலிருந்து எடுத்தாரோ அதே இடத்தில் பூதக்கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பட்டியல்காரரின் முகம் ஒரு கணம் தெளிந்தது. "மேடம் பார்த்தா?" என்றார். நியாயமான பயம்தான். பத்துக் கணினிகளில் இல்லாதது இவருடையதில் மட்டும் இருந்தால், ஏன் என்ற கேள்வி வராமல் போகாது.

அக்கா எழுந்துபோய், கவுண்டர், வாசிப்புக் கூடம், நூலகரின் அறை என்று மீதிப் பத்துக் கணினிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அதே கருவியை அதே இடத்தில் வைத்தார். மற்றவற்றை அழித்தார். எல்லாம் முடிய மூன்று மணி ஆகிவிட்டது.

கையெழுத்து வாங்கவேண்டிய ஒரு தாளோடு நூலகர் கூடத்துக்கு வந்தபோது, அக்கா கவுண்டர் கணினியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடத்துக்கும் இந்த நூலகத்தின் கணினிகளை அக்காவே கவனித்துக்கொள்வார் என்கிற ஒப்பந்தம் அது. நூலகர் மெனுவைப் பார்த்தார். எண்ணினார்.

"ஆறுதானே சொன்னேன்? ஏழு இருக்கே. இது என்ன, பூதக்கண்ணாடி? இதைத்தான் அன்னைக்கு எடுத்தீங்களே. என் ரூம் கம்ப்யூட்டர்லயும் திரும்ப வந்திருக்கு. யாரு கேட்டா?"

கவுண்டர் பெண் நிமிர்ந்தாள். ஜன்னலோரத்தில் பட்டியல்காரர் கையில் ஒரு புத்தகத்தோடு அப்படியே நின்றார். அவர் உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது.

"நான்தான் மேடம்" என்றார் அக்கா, கூட்டம் முழுக்கக் கேட்கிற குரலில். "எனக்குத்தான் கண்ணு சரியா தெரியல. எந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தாலும் எனக்கு அது வேணும். இல்லேன்னா தப்பு வரும்."

நாற்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடாதவர். கணினியைக் கழற்றும்போது மேசைக்கடியில் உருண்டோடும் கடுகளவு திருகாணியை நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர். அவர் கண்ணைப் பற்றி அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியாதது இல்லை. கவுண்டர் பெண் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள்.

நூலகர் அவரை உற்றுப் பார்த்தார். கண் தெரியாத மெக்கானிக்கை எதற்கு வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கலாம். தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். அது அக்காவுக்கும் தெரியும். ஒப்பந்தத்தின் மேல் நூலகரின் விரல்கள் இரண்டு தடவை தட்டின. அவர் பார்வை ஒருமுறை ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

"இதைச் சொல்றதுக்குத் தயங்க என்ன இருக்கு? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். "இருக்கட்டும், ஏழாவே இருக்கட்டும்." தாளை மேசையில் வைத்தார்.

அக்கா அதை எடுத்து மூக்குக்கு அருகே கொண்டுபோனார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பொடி எழுத்தை மோந்து பார்க்கிற மாதிரி, மெதுவாக நகர்த்தினார். "எங்க மேடம் போடணும் கையெழுத்து?"

நூலகர் குனிந்து, தாளைத் திரும்ப மேசையில் வைத்து நேராக்கி, கீழே இருந்த கோட்டின் மேல் தன் ஆள்காட்டி விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.