பெரட்டில் கூப்பிடாத பெயர்

பாடாங் மேஹா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குணசுந்தரியைத் தெரியாதவர் யாரும் இல்லை. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்களும் அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு உதிரிப் பழம் பொறுக்க வந்தவள், பிறகு கணவனுக்குச் சமமாகக் குலை வெட்டினாள். கணவன் இறந்த பின்னும் வெட்டினாள். கடைசியில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆனாள். பொம்பளை மண்டோரா என்று அன்று சிரித்த ஆண்பிள்ளைகள் எல்லாம் இன்று கூலிம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் நின்றவள் இவள் ஒருத்திதான்.

அவள் கூட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வங்காளதேசத்துப் பையன்கள். விடியுமுன் ஆபீஸ் வாசலில் அவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவாள். அதற்குப் பெரட்டு என்று பெயர். ரப்பர் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. வந்த புதிதில் பையன்கள் மலாயில் "ஹாடிர்" என்று பதில் சொன்னார்கள். குணசுந்தரி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆபீஸ்ல ஹாடிர் சொல்லு, போலீஸ்ல சொல்லு. என் பெரட்டுல இருக்கேன்னு சொல்லணும்" என்றாள்.

பாவம், நாக்கு சுளுக்கிக்கொள்ளப் பழகினார்கள். இப்போது இருட்டில் வரிசையாக "இருக்கேன்" என்று வரும்போது, கேட்பவருக்கு இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றே சந்தேகம் வரும். கூப்பிடுகிற மண்டோரின் பெயரை மட்டும் பெரட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. அதுவும் பழைய வழக்கம்தான்.

அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. முறையாகப் பெர்மிட் வாங்கி வேலை செய்கிறவர்களாக இருந்தாலும், பத்து ஆண்டு முடித்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இனிப் பெர்மிட் புதுப்பிக்கக் கூடாது என்றது. சைபுலுக்குப் பத்து ஆண்டு முடிந்திருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே நிலைதான். சைபுல் அவளுடைய வலது கை. எவ்வளவு உயரத்துக் குலையையும் பக்கத்து மட்டை சிதையாமல் இறக்குவான். ஊரில் அவன் கட்டும் வீட்டுக்குச் சுவர் பாதிதான் எழும்பியிருந்தது.

ஒருநாள் மாலை மகள் காஞ்சனா கைப்பேசியை நீட்டினாள். மசோதா வேண்டாம் என்று ஓர் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். தோட்டங்களில் இன்று உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லை, அந்த வேலைக்கு அவர்கள் வரவே மாட்டார்கள் என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னாரோ, குணசுந்தரியின் காதில் விழவில்லை.

"ஒருத்தர்கூட இல்லியா? அப்போ நான் யாரு?"

"ம்மா, அவரு உங்க பசங்களுக்கு சப்போர்ட்டாதான் பேசுறாருலா. முழுசா கேளுங்க."

"கேட்டது போதும்" என்றாள் அவள்.

சனிக்கிழமை நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு பாடாங் செராய்க்குப் பஸ் ஏறினாள். தன் தொகுதி வைபி, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், மக்களைச் சந்திக்கும் இடம் அங்கேதான் இருந்தது. குலை வெட்டிக் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மேசைமேல் விரித்து வைத்தாள். நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அங்கே எழுந்து சொல்லுங்கள் என்றாள். அந்த வைபியோ மசோதாவை ஆதரிக்கிறவர். தேடிக்கொண்டிருந்த ஆள் தானாக வந்து உட்கார்ந்ததில் அவருக்கு ஏக மகிழ்ச்சி. காப்பி வரவழைத்தார், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே சபையில் பேசினார். என் தொகுதியில் குணசுந்தரி என்று ஒரு பெண்மணி இருக்கிறார், இன்றும் தோட்டத்தில் நிற்கிறார் என்று ஊரறியச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சின் துண்டு வீடியோ வீடு வீடாகப் போயிற்று. சாப்பாட்டுக் கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மாரியம்மன் கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை மடிக்காமல் வீடுவரை போர்த்திக்கொண்டே வந்தாள், அந்த வெயிலில். யார்தான் வரமாட்டார்கள்?

மறுநாள் பெரட்டில் முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

"ஹாடிர்" என்று பதில் வந்தது.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். அடுத்தவனும் ஹாடிர் என்றான், அதற்கடுத்தவனும். சைபுல் பெயருக்கு வந்தபோது அவள் குரல் தானாக இறங்கியது. அவனும் தரையைப் பார்த்தபடி அதையே சொன்னான்.

"என்னடா வந்துச்சு உங்களுக்கு?"

சைபுல் வரிசையை விட்டு வந்து, தன் கைப்பேசியில் வைபியின் பேச்சை முழுக்க ஓடவிட்டான். வாட்ஸ்அப்பில் வந்த துண்டு அவள் பெயரோடு நின்றிருந்தது. பேச்சு அங்கே நிற்கவில்லை. இந்தப் பெண்ணால் முடியும் என்றால் மற்ற உள்ளூர்க்காரர்களாலும் முடியும், ஆகவே வெளிநாட்டவர்களை அனுப்பிவிடலாம், சபை தயங்க வேண்டியதில்லை என்று முடித்திருந்தார்.

"எங்கள ஊருக்கு பாலேக் போகச் சொன்னது நீங்களா அக்கா?" என்று கேட்டான்.

தன் பெயர் வந்த இடத்தோடு அவளும்தானே கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று முழுவதும் மண்டோர் யாரையும் அதட்டவில்லை. அதுவே பையன்களுக்குப் பயமாக இருந்தது.

திரும்பவும் பாடாங் செராய். இந்த முறை வேலைச் சட்டையோடு, மண் ஒட்டிய பூட்ஸோடு போனாள்.

"உங்களப் பெருமையாத்தானேக்கா பேசினேன்?" என்றார் வைபி.

"பெருமதான் வைபி. வயிறு குளுந்துபோச்சு. அப்புறம் பின்பாதியக் கேட்டேன்."

"வெளியாளுங்க இருக்குற வரைக்கும் சம்பளம் ஏறாதுக்கா. சம்பளம் ஏறலன்னா நம்ம பிள்ளைங்க எப்படி தோட்டத்துக்கு வரும்?"

"நெசந்தான், இல்லன்னு சொல்லல. சம்பளத்தக் கூட்டச் சொல்லுங்க, கோலாலம்பூருக்கே வந்து நின்னு கத்துறேன். ஆனா என்ன வெச்சு அவனுங்கள வெரட்டாதீங்க. நான் வேல செய்யறது அவனுங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல இல்ல. நானும் இருக்கேன், அவனுங்களும் இருக்கட்டும். சொல்றதா இருந்தா ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. இல்லன்னா என் பேர எடுத்துருங்க."

அவர் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் வந்தது. அவள் தொடவில்லை.

வாக்கெடுப்பு நாளன்று மதியம் செம்பனை நிழலில் எல்லோரும் சைபுலின் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வைபி எழுந்தார். அன்று ஒரு பெண்மணியைப் பற்றிப் பாதிதான் சொன்னேன், மீதியை அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றார். நானும் இருக்கிறேன், அவர்களும் இருக்கட்டும், சம்பளத்தைக் கூட்டுங்கள் என்பதுதான் அவர் கேட்பது என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். மனிதர் உட்காரவில்லை. குணசுந்தரி அவரை அதுவரை திட்டியதையெல்லாம் மனத்துக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடைசியில் அந்தப் பத்தாண்டு விதியை மட்டும் தனியே பிரித்து ஒரு குழுவின் ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதுவரை பெர்மிட்டுகள் பழையபடி புதுப்பிக்கப்படும். அது முழு வெற்றி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சைபுல் சுவரை எழுப்ப அவகாசம் கிடைத்தது. இந்த முறை சபை கலையும்வரை அவள் கைப்பேசியைக் கீழே வைக்க விடவில்லை.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டாள். பழையபடி "இருக்கேன், இருக்கேன்" என்று வரிசை முழுக்க வந்தது. வேலைக்குப் போகச் சொல்லக் கையைத் தூக்கினாள். யாரும் நகரவில்லை.

சைபுல் ஓர் அடி முன்னால் வந்தான். அவள் வழக்கமாகக் கூப்பிடும் அதே மிடுக்கோடு உரக்கக் கூப்பிட்டான்.

"குணசுந்தரி."

ஆபீஸ் ஜன்னலில் கணக்கெழுதும் கிராணி தலையை நீட்டிப் பார்த்தார். மண்டோர் ஆன நாளிலிருந்து அந்த வாசலில் அவள் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. பொன்னாடை போர்த்தியபோதுகூட இப்படி நெஞ்சு விம்மவில்லை. குலை வெட்டுகிறவள் போலக் கால்களை அகட்டி ஊன்றி, நிமிர்ந்து நின்றாள்.

"இருக்கேன்" என்றாள்.