ஒத்துக்கொள்ளாத ரத்தம்

மேற்கு மாம்பலத்து மேகலாவுக்கு ஆட்களைவிட அவர்கள் ரத்தம்தான் நன்றாகத் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்குமா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. கொடுப்பவரின் அணுக்களை, பெறுபவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு கலந்து, சாயமும் விட்டு வைப்பாள். அணுக்கள் பிழைத்துக் கிடந்தால் நல்ல சேதி. செத்துச் சாயம் ஏறினால், அந்த உடம்பு அந்தச் சிறுநீரகத்தை உள்ளே விடாது. எதுவானாலும் டாக்டர்தான் சொல்லவேண்டும். இவள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் இரக்கம் வந்துவிட்டால் வாய் எங்கே சும்மா இருக்கிறது?

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தங்கவேல், டயாலிசிஸில் நாளை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி பாஞ்சாலிக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்தவர். ரத்த வகை பொருந்தியதுமே, "கவலைப்படாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள் மேகலா. மனிதர் அதை நம்பிக் குப்பம் முழுக்கச் சொல்லி, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாகவும் வேண்டிக்கொண்டார்.

கலந்து பார்த்தால் அணுக்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. தன் கைப்பிழையாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு மறுபடி செய்தாள். பிழை இல்லை. கொடுக்க வேறு ஆளும் இல்லை. ஒரே மகள் கயல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

"பொருந்தவில்லை" என்பதோடு டாக்டர் முடித்துக்கொண்டார். மாத்திரை வாங்கக் கயலை அனுப்பிவிட்டு, தங்கவேலும் பாஞ்சாலியும் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்கள்.

"நீதானம்மா நல்லா கீதுன்ன? இப்ப இன்னாத்துக்கு ஒத்துக்கல?" என்றார் தங்கவேல்.

மேகலாவால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பிள்ளைகிட்ட அப்பாவோட பாதி இருக்குண்ணா. சுமக்கறப்ப அது அம்மா ரத்தத்துல கொஞ்சம் கலக்கும். சில உடம்பு அதை வேத்தாள்னு எதிர்க்கக் கத்துக்கும். அக்காவுக்கு அப்படி ஆயிடுச்சு. அதான் உங்க கிட்னியையும் எதிர்க்குது."

பாஞ்சாலி, "அப்ப கயல பெத்ததாலயா?" என்றாள்.

மேகலா தலைகுனிந்தாள்.

"இது கயலு காதுல வுழக் கூடாதும்மா" என்றாள் பாஞ்சாலி.

அதற்குள் கயல் வந்துவிட்டாள். "இன்னா சொன்னாங்கம்மா?"

"உங்க நைனா பீடி புடிச்சுப் புடிச்சு உடம்பக் கெடுத்து வச்சிக்கீதாம். அது குடுக்கக் கூடாதாம்" என்றாள் பாஞ்சாலி.

தங்கவேல் ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஆமா கண்ணு. என் தப்புதான்" என்றார்.

கயல் நம்ப மாட்டாமல் மேகலாவிடம் திரும்பினாள். "அப்பிடியாக்கா?"

மேகலா தலையை ஆட்டினாள்.

"அம்மாவக் கொன்னுட்டியே நைனா!"

தங்கவேல் மகள் கையிலிருந்த மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டார்.